குடைப்பிடியால் தட்டிய சுவர்

போர்க்காலத்தில் கோப்பாயில் வீடு வாங்கப் போனபோது, ஓய்வுபெற்ற கட்டட ஓவர்சியர் ஒருவரை, வீட்டைப் பார்வையிடக் கூட்டிப்போனேன். அவர் பழுது சொன்னால் விலை இறங்கும் என்பது என் கெட்டித்தனம். ஒல்லியான மனிதர்; குடைப்பிடியால் சுவரைத் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்பார்.

ஷெல் அதிர்வில் முன்னறைச் சுவரில் வெடிப்பு விழுந்திருந்தது. வீட்டுக்காரி, "அத்திவாரமும் பழுதாய்ப் போட்டுதாக்கும். குறைச்சே தாறன்" என்றார். எனக்குள் தேர் ஓடியது.

"பூச்சு மட்டும்தான் வெடிச்சிருக்கு, தங்கச்சி. அத்திவாரம் அசையேல்லை. விலையைக் குறைக்காதையும்" என்றார் அவர்.

கூலி கொடுப்பவன் நான் என்பதை நினைவூட்ட மெல்லக் கிள்ளினேன்.

"கிள்ளாதையும், தம்பி. கூரை மரத்திலை கறையான். அதையும் சொல்லத்தான் போறன்."

இருவருக்கும் ஒத்த விலையில் வாங்கி, மரத்தை மாற்றினேன். பிறகொருநாள் பக்கத்து வீட்டு வளவில் ஷெல் விழுந்தபோது, நானும் அந்தச் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். என் நெஞ்சிடிதான் கேட்டது. சுவர் நின்றது. அவருக்கு என்னதான் கேட்டதோ.