மோட்டார் பெட்டியின் முதல் நம்பர்

ஒரு சாமானைக் கையில் வாங்கினால் நான் முதலில் பார்ப்பது அதன் பொத்தானைத்தான். அழுத்தினால் உள்ளே போய், விட்டால் மேலே வர வேண்டும். அழுத்திவிட்டோம் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். இப்போது வருகிற கண்ணாடிப் போன்களில் அது கிடையாது. நாற்றுப் பறித்த ஈரக் கையால் தொட்டால் ஒன்றும் நடக்காது. முந்தானையில் துடைத்துவிட்டுத் தொட்டால் வேறு எங்கோ போய் நிற்கும். கை எப்போதும் காய்ந்தே இருக்கிறவர்களுக்காகச் செய்தது போலிருக்கிறது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் கருவிகள் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு பித்து. மிக்சிக்குக் கார்பன் மாற்ற ஆள் தேடியதில்லை. போன் பேட்டரியைத் தரையில் வைத்து ஒரு சுழற்று சுழற்றுவேன். பம்பரம் போலச் சுற்றினால் உப்பிவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்பேன். தெருவில் இதற்காகவே என்னிடம் வருவார்கள். கேட்டால் சொல்வேன். கேட்காமல் நானாகப் போய் ஒருவரிடமும் வாயைத் திறந்ததில்லை. அது எனக்கு வராது. ஒன்றை வேண்டும் என்று கேட்க நேர்ந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு இந்தக் குணத்தால்தான் நான் அதிகம் பட்டேன். நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்களுக்கு ஆறு மா நிலம். ஒட்டினாற்போல் கொழுந்தனுடைய நிலம். மோட்டார் கொட்டகை வாய்க்காலைத் தாண்டி அவர் பக்கம் இருக்கிறது, சாவியும் அவரிடம்தான். மோட்டார் எங்களுடையது. மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்டு நினைத்த நேரத்தில் வரும், போகும். கொழுந்தன் தன் மோட்டாரைப் போடும்போது எங்களுடையதையும் போட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் போய்க் கேட்க வேண்டும்.

அவர் வாசலில் போய் நிற்பேன். ஓரகத்தி எட்டிப் பார்ப்பாள்.

“என்னக்கா, தண்ணிக்கா? சாப்புடுறாரு. அப்புடி ஓரமா நில்லுங்க.”

நிற்பேன். அவர் சாப்பிட்டு, கை கழுவி, டிவியில் கொஞ்சம் பார்த்து, வெளியே வருவதற்குள் கரண்டு போயிருக்கும். இரண்டு நாள் அப்படி நின்றேன். மூன்றாம் நாள் போகவில்லை. அந்த வருஷம் என் நாற்றங்கால் வெடித்துப் போயிற்று. தண்ணீர் கீழே இருந்தது, மோட்டார் நன்றாக இருந்தது, கரண்டும் வந்தது. நான் கேட்காததால் நாற்று செத்தது. இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. விதை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்கடுத்த கோடையில், பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் போனில் ஒரு எண்ணை அழுத்தினார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், “மோட்டார் ஓடுகிறது” என்றது. திரும்பிப் பார்த்தேன். அது என்ன என்று அவரைக் கேட்கத் தைரியமில்லை. நீடாமங்கலத்தில் இறங்கி, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். மோட்டார் சாமான் விற்கிற கடையை இரண்டு தடவை தாண்டிப் போய், மூன்றாம் தடவைதான் படியேறினேன்.

கடைக்காரர் பெட்டியைக் காட்டினார். உள்ளே ஒரு சிம் கார்டு. அந்த எண்ணுக்கு நாம் போன் செய்தால் எடுக்கும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். கரண்டு வந்தால் அதுவே நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும்.

“பையன் நம்பரச் சொல்லுங்கம்மா, ஏத்தி வுடுறேன்.”

“என் நம்பரப் போடுங்க தம்பி.”

“உங்களுக்கு அமுக்கத் தெரியுமா?”

நான் மடியிலிருந்து என் பட்டன் போனை எடுத்து, பெட்டி மேல் எழுதியிருந்த எண்ணை அழுத்தி, அது எடுத்ததும் ஒன்றை அழுத்தினேன். மேஜை மேல் இருந்த பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவர் சிரித்துவிட்டார்.

“அப்ப ஓனரம்மா நம்பர்தான் மொத நம்பர். நீங்க சேத்துக்கிட்டாத்தான் இனிமே அடுத்தவங்க உள்ள வர முடியும்.”

நிலத்துப் பட்டா என் வீட்டுக்காரர் பேரில் இருந்தது. கரண்டு கனெக்சன் இன்னும் மாமனார் பேரில் இருக்கிறது. எனக்கென்று முதலில் எழுதப்பட்டது அந்தப் பெட்டியில்தான்.

அதில் குறை இல்லாமல் இல்லை. ஒயர் போகிற ஓட்டை பெரிதாக இருந்தது. பல்லி உள்ளே போய்க் கருகும் என்று பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி அடைத்தேன். மழைக் காலத்தில் சிக்னல் இழுத்துக்கொண்டு நிற்கும். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லும். சாப்பிடுகிறேன் என்று சொல்லாது. கொழுந்தன் டீக்கடையில், “எங்க அண்ணிக்கு என்ன, கலெக்டராட்டம் அடுப்படியில இருந்தே உத்தரவு போடுறாங்க” என்றாராம். கேலிதான். நான் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டேன். நான்கு வருஷம் நாற்றங்காலில் ஒரு வெடிப்பு விழவில்லை.

பிறகு வரப்பில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டார்கள். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மகன் வந்தான். கையில் எனக்கு ஒரு கண்ணாடிப் போன், கொட்டகைக்கு ஒரு புதுப் பெட்டி. இது ஆப்பில் ஓடுவது. வோல்டேஜ், தண்ணீர், ஓடிய நேரம் எல்லாம் படமாகத் தெரியும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மூடி இறுக்கமாக இருந்தது, ஒயர் ஓட்டைக்கு ரப்பர் வைத்திருந்தார்கள். நல்ல வேலைப்பாடு.

பழைய பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டான். புதியதில் தன் நம்பரை முதலில் ஏற்றினான். என் போனிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். ஓடு என்கிற இடத்தைத் தொட்டேன். அது சாம்பல் நிறத்தில் கிடந்தது, நகரவில்லை.

“இது வேல செய்யலயேடா.”

“அது அப்படித்தாம்மா. உனக்குப் பாக்குறதுக்கு மட்டும் குடுத்துருக்கேன். நீ பாத்துக்க, அழுத்துறத நான் அழுத்திக்கிறேன். தெரியாம எதயாவது தொட்டுட்டன்னா மோட்டார் காயில் எரிஞ்சு போயிரும்.”

நான்கு வருஷமாகப் போகாத காயில். சொல்லியிருக்கலாம். என் மகன்தானே. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

சம்பாவுக்கு நாற்று விட்டோம். வாய்க்காலில் தண்ணீர் எட்டவில்லை. காலை பத்து மணிக்குப் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் மின்சாரம் உள்ளது, மோட்டார் நிற்கிறது. மகனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். “மீட்டிங்ல இருக்கேம்மா, பத்து நிமிஷம்” என்று வைத்தான். நான் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வோல்டேஜ் முள் நன்றாக நின்றது. ஒரு மணி நேரம் கழித்து அவன் அழுத்தியபோது கரண்டு போய்விட்டது. மறுநாளும் அப்படி. அதற்கடுத்த நாள் நான் அவனைக் கூப்பிடவில்லை. கொழுந்தன் வாசலில் நின்ற அதே கால், இப்போது என் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது என்று தோன்றிவிட்டது.

பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். தூசி தட்டினால் நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரருக்குப் போன் செய்து, இதைத் திரும்ப மாட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அப்படிக் கேட்டதே எனக்குப் பெரிய காரியம்.

“மாட்டிரலாம்மா. உங்க பையன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன். அவுங்கதான புதுசு போட்டது.”

வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அந்தச் சிம்மாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதன் எண்ணை அழுத்தினேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வரும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

“அலோ, யாருங்க?”

ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

“யாருங்க பேசுறது? யாரு வேணும்?”

அவளிடம் மோட்டாரையா கேட்க முடியும்? வைத்துவிட்டேன்.

நாற்று பழுத்துப் போயிற்று. மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். குரலில் கோபம்கூட இல்லை.

“உன்னால சமாளிக்க முடியலம்மா. வயசாச்சில்ல? சித்தப்பாகிட்ட பேசிட்டேன், குத்தகைக்குப் பாத்துக்குறேன்னாரு. நீ நிம்மதியா இரு.”

என்னால் முடியவில்லை என்பதற்கு அந்த நாற்றே சாட்சியாகிவிட்டது. சரிப்பா என்றேன்.

கொழுந்தனுக்கு அவன் ஆப்பில் அனுமதி கொடுத்தான். பார்க்கவும், அழுத்தவும். அவருடைய நாற்றை வைத்து நடவு முடிந்த வாரம், காலையில் அவர் போனைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒன்று கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணி, இது சுத்திக்கிட்டே நிக்கிது. என்ன எழவுன்னே புரியல. செத்த பாருங்களேன்.”

சாப்பிடுகிறேன், ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனை வாங்கினேன். எதையோ தொட்டு நெட்டை அணைத்து வைத்திருந்தார். போட்டுவிட்டதும் சுற்றுவது நின்றது. என் போனில் சாம்பலாகக் கிடக்கிற அந்த இடம் அவர் போனில் பச்சையாக இருந்தது.

“அத அமுக்கிருங்க அண்ணி, நீங்களே.”

முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினேன். கண்ணாடிதானே, விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் இரைந்தது.

“அட, வந்துருச்சே! இதெல்லாம் உங்களுக்குத்தான் அண்ணி வரும்” என்று போனை வாங்கிக்கொண்டு போனார்.

என் மடியில் டிங் என்றது. எடுத்துப் பார்த்தேன். மோட்டார் ஓடுகிறது என்று போட்டிருந்தது. அதன் கீழே, இயக்கியவர் என்ற இடத்தில் கொழுந்தன் பேர்.