இருமுறை எடை பார்த்த பிள்ளைகள்

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் என் வீட்டுக்காரர் கணக்குப் பார்த்தார். ஊர்ச் சாவடியில் இலவசமாகப் பால் பவுடர் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையை எடை போட வேண்டும். கொடுப்பதற்கு முன்பு ஒரு தடவை, கோடை கழிந்து மறுபடி ஒரு தடவை. பவுடரால் பிள்ளைகள் தேறுகிறார்களா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு.

சொன்னபடியேதான் கரைத்துக் கொடுத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, கரண்டியைத் தலைதட்டி அளந்து. ஆனாலும் அவளுடைய விலா எலும்பு தெரிந்தது. தண்ணீர் கூடிப்போகிறதோ, எனக்குத்தான் பக்குவம் போதவில்லையோ என்று ஓயாமல் குடைந்துகொண்டிருந்தது.

இரண்டாம் தடவை தராசில் வைத்தபோது ஒரு ராத்தல் குறைந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த டாக்டர் முந்தைய எடைகளை ஒன்றாகக் கூட்டி, இன்றைய எடைகளை ஒன்றாகக் கூட்டி, தலைக்கு வகுத்துக் கரும்பலகையில் எழுதினார். சராசரி நன்றாக ஏறியிருந்தது.

“பவுடர் வேலை செய்யுது. உங்க பிள்ளை மட்டும் ஏம்மா இளைக்குது? வீட்டுல காப்பிக்குப் போட்டுட்டீங்களா?”

அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அதைவிடக் கேவலம், ஒரு நொடி நானே என்னைச் சந்தேகப்பட்டேன்.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி தன் கொழுகொழுத்த மகனோடு நின்றாள். போன தடவை அவனைப் பார்த்த நினைவில்லையே என்றேன்.

“இவன எப்பிடிக்கா கொண்டாருவேன்? அம்புட்டுப் பேரு முன்னால தராசுல வச்சா கண்ணு பட்டுராதா? இவனவிட எடை கம்மியான நோஞ்சான் மூத்தவளத்தான் அப்பத் தூக்கிட்டு வந்தேன். இப்ப அவ காரியாபட்டிக்கு அவுக அத்த வீட்டுக்குப் போயிட்டா. நிறுக்காட்டிப் பவுடரு கெடையாதுன்னாக. மைய அப்பி இவனத் தூக்கியாந்தேன்.”

“நான் மட்டும் என்னவாம்? எங்க வீட்டுலயும் அதே கூத்துத்தேன்” என்று பின்னாலிருந்தவள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே திரும்பிப் போனேன்.

“சார், சில வீட்டுல போன தடவை வந்த பிள்ளை வேற, இன்னைக்கு வந்த பிள்ளை வேற.”

“சராசரின்னா என்னன்னு தெரியுமாம்மா?”

“பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார். ரெண்டு தடவையும் வந்த பிள்ளைகளை மட்டும் எடுங்க. புது எடையில அததோட பழைய எடையைக் கழிங்க. அந்த வித்தியாசத்துக்குச் சராசரி போடுங்க.”

எடை நோட்டைப் பார்த்து நர்ஸ் ஒவ்வொரு பெயராக வாசிக்க, நானே சுண்ணக்கட்டியை எடுத்துக் கழித்தேன். சில பிள்ளைகள் ஏறியிருந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மற்றவர்கள் இறங்கியிருந்தார்கள். கூட்டினால் ஒன்றும் மிஞ்சவில்லை.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். “இந்தக் கொஞ்சப் பிள்ளைகளை வச்சு எதையும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா.”

“அப்ப ஒரே ஒரு பிள்ளையை வச்சு என்னையக் காப்பி போட்டுக் குடிச்சவன்னு எப்படி சார் சொன்னீங்க?”

அதன் பிறகுதான் அவர் என் மகளைத் தன் பக்கம் இழுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பூச்சி இருக்கிறது என்று மருந்து எழுதித் தந்தார். காப்பி என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை கிடையாது. நான் படியிறங்கும்போது பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் கழித்தல்கள் போய்விட்டன. அவருடைய சராசரி மட்டும் மேலே அப்படியே இருந்தது.

அன்று மருந்தை ஊற்றும்போது கரண்டி சரியாக நிரம்பியதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோபத்தில் கரண்டியை வெடுக்கென்று நீட்டியதில் பாதி அவள் சட்டையில் சிந்திவிட்டது.