சாப்பாட்டு மேசையில் ஒரு ரயில் நிலையம்

இன்று சிலிண்டர் கொண்டுவந்தவர் கூடத்திலேயே நின்றுவிட்டார்.

சாப்பாட்டு மேசை முழுக்க என் குட்டி ரயில் நிலையம். தனித்தனிப் பாகங்களாக வரும் வெளிநாட்டு மாடல் கிட் ஒன்றை வரவழைத்து, சுவர், கூரை, கடிகாரம் என்று ஒவ்வொன்றாக நானே ஒட்டியது. கூடுதலாக ஒரு வேப்பமரமும் வைத்திருக்கிறேன்.

“ஏனுங்க, பெஞ்செல்லாம் போட்டிருக்கீங்க, ஆளு ஒருத்தரையும் காணமே?”

கிட்டோடு வந்த பொம்மைகளைக் காட்டினேன். விரல்நுனி உயரம்தான். எல்லாருக்கும் முழங்காலைத் தாண்டிய கோட்டு, தலையில் தொப்பி.

“நாமக்கல் வெயில்ல இவங்கள எப்படிங்க உக்கார வெக்கிறது?”

“கோட்டுக்கு வெள்ளையடிச்சா வேட்டிங்க. தொப்பிக்குச் சிவப்படிச்சா தலைல கட்டுற உருமா” என்று சிரித்தார்.

காலி சிலிண்டரைத் தோளில் ஏற்றும்போது கேட்டார்: “அது சரி, நீங்க எங்கீங்க உக்காந்து சாப்புடுவீங்க?”

“ஓரமா எடம் இருக்குதுங்க” என்றேன். பொய். ஒரு தட்டு வைக்கக்கூட இடமில்லை.

அவர் போனதும் இரண்டு பேருக்கு வேட்டி, உருமா தீட்டி பெஞ்சில் ஒட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் வழக்கம்போல் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டேன்.

இந்தப் பக்கம் யாராவது சாப்பிட வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ரயில் நிலையத்தை நகர்த்த வேண்டியிருக்கும்.