எப்போதும் இரண்டு விரல்

எங்கள் ஊரில் கால்பந்து என்றால் காலுக்கு அதிக வேலையில்லை. ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவான். எதிரே நிற்பவன் அவனை முட்டி மண்ணில் சாய்ப்பான். முட்டுவதைத் தோளால் செய்யவேண்டும் என்பது புத்தகத்து விதி. தலையால் செய்ததற்குத்தான் கைதட்டினோம்.

அப்படி முட்டுவதற்காகவே எங்கள் அமெரிக்க ஊரான டோலிடோ நகரம் ரூஃபஸ் ப்ரிச்செட்டைப் பதினொரு வருடம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அவரைத் தாண்டிப் பந்து போனது அபூர்வம். அதனால் 'தாழ்ப்பாள்' என்று பெயர் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமையே தொண்டையைத் தயார் செய்யும் ஊர் இது. கடைகளில் அவருக்கு ஹங்கேரிச் சாசேஜ் சும்மா வந்தது, பியர் சும்மா வந்தது. முழங்கால் வலிக்குக் கேட்டிருந்தால் எங்கள் முழங்காலையே கழற்றிக் கொடுத்திருப்போம் என்று பேசிக்கொள்வோம். நல்ல வேளை, அவர் கேட்கவில்லை.

அந்த நாட்களில் தலையில் அடிபட்டு விழுந்தவனிடம் அணியின் மருத்துவர் ஓடிவருவார். முகத்துக்கு நேரே விரலை நீட்டி எத்தனை என்று கேட்பார். எப்போதும் இரண்டு விரல்தான் நீட்டுவார். ஒருமுறைகூட மூன்று நீட்டியதில்லை. ஆட்டக்காரன் உள்ளே திரும்பவேண்டும் என்பதில் மருத்துவருக்கும் பயிற்சியாளருக்கும் ஆட்டக்காரனுக்கும் டிக்கெட் வாங்கிய எங்களுக்கும் ஒரே அபிப்பிராயம். இப்படியொரு ஒற்றுமையை எங்கள் நகரசபை இன்றுவரை கண்டதில்லை.

ரூஃபஸின் பக்கத்தில் நின்று ஆடியவர் லூதர் கேஜ், ஐம்பத்து நான்காம் எண் சட்டைக்காரர். ஓர் ஆட்டத்தில் லூதர் மல்லாந்து விழுந்தபோது, மருத்துவர் வந்து சேருவதற்குள் ரூஃபஸ் குனிந்து காதோடு சொன்னார்.

"டேய் லூதர், எத்தனைன்னு கேட்டா ரெண்டுன்னு சொல்லிடு."

"எனக்கு அந்த ஆளே ரெண்டாத் தெரியிறாருடா."

"அப்போ கணக்கு சரியாத்தான் வரும். சொல்லிட்டு எந்திரி."

லூதர் சொன்னார், எழுந்தார், ஆடினார். அன்று நாங்கள் ஜெயித்தோம். இந்தக் கதையை ரூஃபஸ் எத்தனையோ விருந்துகளில் சொல்லி, மேசை அதிரச் சிரிக்க வைத்திருக்கிறார்.

முழங்கால் தேய்ந்ததும் வானொலிக்கு வந்தார். ஸ்டான் குபியாக் என்பவர் களத்தில் நடப்பதைச் சொல்வார். அது ஏன் நடந்தது என்று ரூஃபஸ் சொல்வார். ரூஃபஸின் வித்தை என்னவென்றால், நடப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

"ஸ்டான், பந்த எறியமாட்டானுங்க, தூக்கிட்டு ஓடத்தான் போறானுங்க. அந்தக் குண்டன் தரையில கைய ஊனியிருக்கான் பாரு, அழுத்துன அழுத்துல விரல்ல ரத்தமே இல்ல. மொத்த எடையும் கையில, முன்னால பாயத்தான்."

"தாழ்ப்பாளே, இத அப்பவே எதிர் அணிக்கு வித்திருந்தா உனக்கு இன்னும் நெறைய வருமானம் வந்திருக்கும்."

அறிவிப்பாளர் அறைக்கு ஒரு விதி உண்டு: சொந்த அணியே ஜெயித்தாலும் அங்கே ஆரவாரம் செய்யக்கூடாது. பத்தொன்பது வருடம் ரூஃபஸ் இரண்டு முஷ்டியையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு அதைக் காப்பாற்றினார். எத்தனை கோட்டுப் பை கிழிந்தது என்று அவர் மனைவி ஜெரால்டினுக்குத்தான் தெரியும்.

லூதர் ஐம்பத்து மூன்று வயதில், ஒரு பராமரிப்பு இல்லத்தில், பெற்ற மகளைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்து செத்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ரூஃபஸும் ஒருவர். அதற்குப் பிறகு எந்த விருந்திலும் அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. நாங்கள் கேட்டோம், வெட்கமில்லாமல். மறந்துபோச்சு என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தோம்.

அடுத்த வருடமே ஆட்டக்காரர்களின் பெயர்கள் அவரிடமிருந்து நழுவ ஆரம்பித்தன. பந்து எங்கே போகும் என்பது தெரிந்தது; கொண்டுபோகிறவன் பெயர் தெரியவில்லை. எந்த அறிவிப்பாளர் முன்னாலும் ஓர் அட்டை இருக்கும், கட்டம் போட்டு, எண்ணும் பெயரும் எழுதி. ரூஃபஸின் அட்டையை ஜெரால்டின் எழுத ஆரம்பித்தார். பிறகு அந்த அறைக்கே வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தபால் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் தெருவாரியாகக் கடிதம் பிரித்த கை அது. களத்தில் ஒருவன் பந்தைத் தொடும் முன் அவனுடைய கட்டத்தில் ஜெரால்டினின் பென்சில் முனை போய் நிற்கும். ரூஃபஸ் வாசிப்பார். ஊருக்குத் தெரியாது. ஸ்டானுக்குத் தெரியும், அவர் வாயைத் திறக்கவில்லை.

"பேருதானே போச்சு, ப்ரிச்செட்," என்பார் ஜெரால்டின். கோபமானாலும் பயமானாலும் கணவரைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "அத நான் வச்சிருக்கேன். மத்தத நீ பாத்துக்க."

"இந்த மைக்கும் இல்லன்னா ஞாயித்துக்கிழமைல நான் யாரு ஜெரி?"

ஜெரால்டின் அடுத்த ஆட்டத்தின் அட்டைக்குக் கட்டம் போட ஆரம்பித்தார். நான்கு வருடம் பென்சில் மட்டும் நகர்ந்தது.

பிறகு வானொலி நிலையத்துக்குப் புதிதாக ப்ரெண்ட் என்ற நிர்வாகி வந்தார். புதுசாக வருகிறவர் எதையாவது மாற்றியாக வேண்டுமே. அட்டைக்குப் பதில் கணினித் திரை வந்தது. அடையாள அட்டை உள்ளவர்கள் மட்டுமே அறைக்குள் வரலாம் என்றார். ஜெரால்டின் வீட்டில் வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார்.

அக்டோபரில் ஒரு நாள், இப்போது ஐம்பத்து நான்காம் எண் சட்டை போடும் டெமெட்ரியஸ் கோல் என்ற இளைஞன் எதிராளியை அப்படியே அள்ளிக் கவிழ்த்தான். ரூஃபஸ் முழங்கினார்: "லூதர் கேஜ்! வேற யாரு, நம்ம லூதர்!"

ஸ்டான் ஒரு மூச்சு தாமதித்து, "ஆமாம், அந்தச் சட்டையப் பாத்தாலே லூதர் ஞாபகம்தான்," என்று சமாளித்தார்.

ஊர் உருகியது. இறந்த நண்பனுக்கு என்ன ஓர் அஞ்சலி என்று நிலையத்துக்குத் தொலைபேசியில் அழுதார்கள். ப்ரெண்ட் அந்த ஐந்து விநாடியை வெட்டி விளம்பரமாக ஓட்டினார். நான் எழுதும் இந்தப் பத்திரிகையிலும் ஒருவர் அதைக் கவிதை என்று அரைப் பக்கம் எழுதினார். அவர் பெயரைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. டோலிடோவில் அன்று பயந்தவர் ஒரே ஆள். ஜெரால்டின் அடுப்பை அணைத்துவிட்டு வானொலியை வெறித்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில், பனி தூறிய ஆட்டத்தில், அதே கோல் தலை மோதி விழுந்தான். அசையவில்லை. மருத்துவர்கள் ஓடினார்கள். ரூஃபஸ் எழுந்து நின்றது வானொலியிலேயே கேட்டது, நாற்காலி சாய்ந்த சத்தம்.

"லூதர், எந்திரிக்காதடா. ரெண்டுன்னு சொல்லாத. அவரு எப்பவும் ரெண்டுதான் காட்டுவாரு, அதான் சொன்னேன். அது கணக்கே இல்லடா. தெரியலன்னு சொல்லு. அப்படியே படுத்துக் கெட."

ஸ்டானின் விரல் ஒலியை நிறுத்தும் பொத்தான்மேல் இருந்தது. அவர் அழுத்தவில்லை. இந்த முறை யாரும் அஞ்சலி என்று சொல்லவில்லை. கோல் அன்று மீண்டும் ஆட இறங்கவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான், நல்லது.

திங்கட்கிழமை ப்ரெண்ட் வீட்டுக்கே வந்தார். "ரூஃபஸ், எங்களுக்கு உங்க உடம்புதான் முக்கியம். நரம்பு டாக்டர் சரின்னு எழுதிக் கொடுத்தா அடுத்த ஞாயிறு உங்க நாற்காலி உங்களுக்குத்தான். இல்லேன்னா ஆட்ட இடைவேளைல பெரிய விழா எடுப்போம். உங்க சட்டையக் கண்ணாடிச் சட்டத்துல போட்டுத் தருவோம்."

"கண்ணாடிக்குள்ள போட்டுட்டா அப்புறம் அத எப்படிப்பா மாட்டிக்கறது?" என்றார் ரூஃபஸ்.

வியாழக்கிழமை பரிசோதனை. மூன்று நாளும் முட்டையும் ரொட்டியும் ஆறிப்போக ஜெரால்டின் பயிற்சி கொடுத்தார். டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல்.

"ஆகஸ்டுக்கு முன்னாடி?"

"பயிற்சி முகாம். வெயில்ல வாந்தியெடுப்போமே."

"மாசத்தோட பேரு, ப்ரிச்செட்."

"ஜூலை. கத்தாத, பயிற்சியாளர் மாதிரி இருக்க."

மருத்துவர் ஓர் இளம்பெண், பொறுமைசாலி. மாதங்களைக் கேட்டார், ரூஃபஸ் ஓரிடத்திலும் தடுக்காமல் ஜனவரியைத் தொட்டார். ஐந்து சொற்கள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார், நான்கு வந்தன. கழித்தல் முப்பதுவரை இறங்கியது. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜெரால்டின் அன்று காலையிலிருந்து முதல்முறையாக நாற்காலியில் முதுகைச் சாய்த்தார். மருத்துவர்கூடத் தாளில் எதையோ எழுதிச் சிரித்தார்.

"நல்லா பண்றீங்க. கடைசியா கண்ண மட்டும் பாத்துடுவோம்," என்று சொல்லி, நகர்த்தும் திசையில் பார்வை தொடர்கிறதா என்று பார்க்க, ஒற்றை விரலை அவர் முகத்துக்கு நேரே தூக்கினார்.

"ரெண்டு," என்றார் ரூஃபஸ்.

"நான் இன்னும் எதுவும் கேக்கலயே, மிஸ்டர் ப்ரிச்செட்."

"ரெண்டு, டாக்டர்." இருபத்தாறு வயதுச் சிரிப்பு அவர் முகத்தில் வந்திருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல. என்னைய உள்ள அனுப்புங்க."

விரல் காற்றில் நின்றது. ஜெரால்டினின் கை, பழக்கத்தில், கைப்பைக்குள் போய்ப் பென்சிலைப் பிடித்தது. தொட்டுக் காட்ட அங்கே அட்டை இல்லை.