நொய் தேடிப் போனவர்

முகைதீன் பிச்சைக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் டேங்கர் லாரி ஓட்டிவிட்டுக் காரைக்கால் திரும்பியவர். வீட்டில் உட்கார்ந்தால் நாற்காலி சுட்டதுபோல் எழுந்துவிடுவார். தயிருக்கு ஒரு தடவை, மறந்த தீப்பெட்டிக்கு இன்னொரு தடவை என்று ஸ்கூட்டர் போய்க்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டுக்காரனே எல்லை தாண்டி வந்து இங்கே பெட்ரோல் போடுகிறான், வாசலில் மலிவாகக் கிடைக்கிற நமக்கென்ன என்பது அவர் நியாயம்.

அன்று மனைவி நபீசா தெருவுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்ச வேண்டும். மருமகள் சித்திக்கா சுகமாகப் பிள்ளை பெற்றால் இருபது வீட்டுக்கு ஊற்றுவதாக நேர்ந்திருந்தாள்; பிள்ளையும் பிறந்தாயிற்று. டப்பாவைத் திறந்தால் கஞ்சிக்குப் போடுகிற அரிசி நொய் இல்லை. மதியம் லுஹர் தொழுத கையோடு இவர் கிளம்பிவிட்டார்.

வரிச்சிக்குடி மில்லில் இல்லை. திருநள்ளாற்றிலும் இல்லை. சுரக்குடியில் தெட்சிணாமூர்த்தியின் மில்லில் தவிட்டு மூட்டைதான் கிடந்தது. நொய்க் குருணை மொத்தத்தையும் காலையிலேயே லாரி அள்ளிப்போய்விட்டதாம், எத்தனால் ஆலைக்கு. மாட்டுக்கும் கோழிக்கும் கேட்டு வந்தவர்களும் வெறுங்கையோடுதான் போனார்களாம்.

"அதைத்தான் பெட்ரோல்ல கலக்குறாங்க பாய். நீங்க தேடுற நொய் உங்க டேங்க்லயே கொஞ்சம் இருக்கும்."

"கலந்து என்ன கண்டாங்க? முன்ன ஓடுன தூரம்கூட இப்ப ஓட மாட்டேங்குது."

"அப்ப வண்டியையும் ஒருநாள் நோன்பு வைக்கச் சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டை வறண்டிருந்தது. இன்னும் ஒரு மில் பார்க்கலாமா என்று மனம் அரித்தது. அதற்குள் சாயங்கால அசர் பாங்கு கேட்டுவிட்டது.

வீடு திரும்பினால் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கிளம்பித் தெருமுனை திரும்புவதற்குள்ளேயே நபீசா பச்சரிசியை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு உடைத்துக்கொண்டாளாம்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சாவியைக் கையில எடுத்துக்கிட்டுத்தான மச்சான், என்ன வேணும்னே கேட்டீங்க."

நேற்றும் முந்தாநாளும் வண்டியில் போனதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எதற்குப் போனோம் என்று பாதிக்கு ஞாபகம் வரவில்லை.

நோன்பு திறக்கிற மஃரிபுக்கு அரைமணிகூட இல்லை. சட்டைப்பையிலிருந்த சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கைக்கொரு கஞ்சி வாளியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

எதிர்வீட்டு அஜ்மீர், "வண்டி ரிப்பேரா மாமா?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு. நீ பாத்திரத்தை நீட்டு."

பாங்கு சொல்வதற்குள் இன்னும் பத்தொன்பது வீடு. நடை ஓட்டமானது.