வல்லிபுரத்தின் ரைட்

வல்லிபுரத்துக்குத் தெரிந்த இங்கிலிஷ் ஒரேயொரு சொல். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே திருகோணமலைத் துறைமுக டொக்யாட்டில் அவன் ராசாவாக இருந்தான். யுத்தக் கப்பல்கள் வந்து குவிந்த காலம் அது. கிறேனுக்குக் கீழே நின்று, சாமான் ஏற்றவும் இறக்கவும் குரல் கொடுப்பதுதான் அவன் வேலை. "ரைட்" என்று வெட்டிச் சொன்னால் தூக்கு. "ரை...ட்" என்று இழுத்தால் மெல்ல இறக்கு. "ரைட்ரைட்ரைட்" என்று பதறினால் எல்லாரும் ஓடித் தப்பு! துரை ஏசினாலும் ரைட், தேத்தண்ணி வந்தாலும் ரைட்.

அவன் வாயிலிருந்து ரைட் வராமல் ஒரு சாக்குக்கூட அசையக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. முன்பு வேறு எவனோ விளையாட்டுக்குக் கத்தப்போய், கூட வேலைசெய்த சோமசேகரத்தின் விரல் சங்கிலிக்குள் நசுங்கிப்போனது. சோமசேகரம் பிறகு டொக்யாட்டை விட்டுவிட்டு மாட்டுவண்டில் ஓட்டினான். ஆனால் வல்லிபுரத்தின் ரைட்டுக்குக் காத்து நிற்கும் பழக்கம் மட்டும் அவனை விடவில்லை.

வீட்டில் பெண்சாதி பத்மாசனிக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"குழம்பு எப்பிடியப்பா?"

"ரைட்."

"உப்புக் கூடிப்போச்செல்லே?"

"ரைட்."

"ஓம் எண்டு தமிழில சொல்ல ஏலாதோ? நீங்கள் அந்தக் கிறேனைக் கட்டியிருக்கலாம்!"

அதற்கும் சிரித்துக்கொண்டே ரைட். என்ன மனிசனப்பா!

நாற்பத்திரண்டாம் ஆண்டு, சித்திரை வருசப்பிறப்பு நெருங்கிய நேரம். கொழும்பில் குண்டு விழுந்ததாம் என்றதும் ஊரே மூட்டை கட்டியது. பத்மாசனி நிறைமாதக்காரி. தம்பலகாமத்தில் அவளுடைய தமையன் வீடு இருந்தது. டொக்யாட்காரருக்கு லீவு கிடையாது. அவளையாவது அனுப்பிவிடுவோம் என்று வல்லிபுரம் சோமசேகரத்தின் வண்டிலைக் கூப்பிட்டான்.

பாயும் பானையும் ஏறின. பத்மாசனியும் ஏறி உட்கார்ந்தாள். வண்டில் அசையவில்லை.

"ஏன் நிக்கிறாய், சோமு?" என்றாள்.

"அண்ணை சொல்லேல்லையே அக்கா."

எல்லாரும் வல்லிபுரத்தைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. நாள் முழுக்கக் கத்தும் சொல், அன்றைக்குப் பார்த்து வர மறுத்தது. சொன்னால் அவள் போய்விடுவாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தான் இருப்பானோ இல்லையோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

"நானே சொல்லுறன். ரைட்! போ!" என்றாள் பத்மாசனி.

"அது சரிவராது அக்கா," என்று சோமசேகரம் கயிற்றைத் தொடவே இல்லை. விரலைப் பறிகொடுத்தவன் அல்லவா!

"அப்ப இறங்கட்டோ?" என்று அவள் புருசனைப் பார்த்துக் கேட்டாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

இறங்கு என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு ஆசை! முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டு, "ரை...ட்" என்றான். மெல்ல இறக்கும் ரைட். மாடுகளும் மெல்லத்தான் நடந்தன.

அடுத்த சில நாளில், ஒரு காலையில் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. வல்லிபுரம் "ரைட்ரைட்ரைட்" என்று கத்திக் கத்தி, கிறேனடியில் நின்றவர்களைப் பதுங்குகுழிக்குள் துரத்திவிட்டுத்தான் தானும் பாய்ந்தான். புகை அடங்கியதும் ஒருவரிடமும் லீவு கேட்கவில்லை. கண்டி றோட்டைப் பிடித்துத் தம்பலகாமத்துக்கு நடந்தான்.

தமையன் வீட்டுக் குசினி வாசலில் நெல்லுக் கொழித்துக்கொண்டிருந்த பத்மாசனி, புழுதியும் கரியுமாய் வேலிப் படலையில் நின்றவனைக் கண்டதும் சுளகைப் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே? சொல்லுங்கோவன்!"

அவன் வாயைத் திறந்தான். ஓமும் வரவில்லை, ரைட்டும் வரவில்லை. நடு முற்றத்தில் நின்று சின்னப்பிள்ளையைப்போல் அழத் தொடங்கினான்.

பத்மாசனி அவன் தலையைத் தன் தோளில் சாய்த்து, முதுகைத் தடவினாள்.

"ரைட்... ரைட்..." என்றாள். "வாங்கோ, சோறு இருக்கு."

அப்படியும் அந்தச் சொல்லைச் சொல்லலாம் என்று வல்லிபுரத்துக்கு அன்றுவரை தெரியாது.