அத்தான் கேட்ட அமெரிக்க றேடியோ

உங்கள் வீட்டுப் புகை அலாரத்தை நீங்கள் எதைப் போட்டு மூடினீர்கள்? ஷவர் கேப்பா, சொப்பிங் பையா? பொய் சொல்ல வேண்டாம். டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த பில்டிங்கில் தமிழ் வீட்டைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை தேவையில்லை. கதவு திறந்ததும் அண்ணாந்து பார்த்தால் போதும். மிளகாய் வறுக்கத் தொடங்கினால் அந்த வெள்ளைப் பெட்டி ஊரைக் கூட்டும், பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் இடிப்பார், நாங்கள் துவாயை விசுக்கிக்கொண்டு அதன் கீழே நின்று ஆடுவோம். ஆகவே மூடினோம். எங்கள் வீட்டில் மூடியவர் அத்தான். கதிரையில் ஏறி, ஏதோ மோட்டலில் இருந்து கொண்டுவந்த ஷவர் கேப்பை மாட்டி, இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “என்ர வீட்டில மிளகாய் வறுக்கிறதுக்கு நான் ஏன் கவர்ன்மென்ற்றிட்டக் கேக்கோணும்?” எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அப்போது அது வெறும் பகிடி.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பெரிய ட்ரக் ஓட்டுகிறார். தொண்ணூறுகள் முடிய இன்னும் சில மாதங்கள்தான் கிடக்கின்றன, இந்தச் செப்டெம்பரில் அவர் கரோலினாப் பக்கம் எங்கேயோ வெள்ளத்துக்குள் நிற்கிறார். புயல் வருகிறது, எல்லாரும் வெளியேறுங்கள் என்று அங்கே அரசாங்கம் சொன்னது. நெடுஞ்சாலையையே ஒருவழியாக்கிச் சனத்தை உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். அத்தான் போகவில்லை. ட்ரக் ஸ்டொப் ஒன்றின் பொதுத் தொலைபேசியில் இருந்து நேற்று எடுத்தார். “உவங்கள் ஒவ்வொரு வருசமும் உதைத்தான் சொல்லுறவங்கள். சனத்தைப் பயப்பிடுத்தினாத்தான் உவங்களுக்குச் சம்பளம்,” என்றார் என்னிடம். அதற்குப் பிறகு ஆறுகள் கரை உடைத்துவிட்டன. அத்தான் எடுக்கவில்லை. செல்போனும் இல்லை, ஆளைப் பின்தொடர்வதற்கான சாமான் அது என்று அவர் வாங்கவே இல்லை. அக்கா ரிவிக்கு முன்னால் இருக்கிறாள். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை, அதனால் தட்டச்சு செய்கிறேன்.

பஃபலோப் பாலத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போனதும் அத்தான் அந்த றேடியோவைப் போடுவார். நாள் முழுக்கக் கதைக்கிற, கோபமான ஒரு குரல். வரி, விதி, இன்ஸ்பெக்டர், வாஷிங்டன் எல்லாமே களவு என்று சொல்லுகிற குரல். நிலையம் மாறினாலும் குரல் மாறாது, ஒஹாயோவில் விட்ட வசனத்தைக் கென்டக்கியில் பிடிக்கலாம். அது ஏன் அவருக்கு அவ்வளவு பிடித்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எண்பதுகளில் வந்து பார்க்டேலில் கோப்பை கழுவிய காலத்தில் இருந்து, அவர் வாய் திறந்தால் வெள்ளைக்காரர் முகத்தைச் சுருக்கி “என்ன? திரும்பச் சொல்லு” என்பார்கள். ட்ரக்கின் எடை பார்க்கிற நிலையத்து அதிகாரியும் கேட்பார், எல்லையில் நிற்பவரும் கேட்பார். அந்தக் குரல் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. மணிக்கணக்காக அவரோடு கதைத்தது, அவருக்காகக் கோபப்பட்டது, பதில் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஓய்வு நேரத்தை ட்ரக் ஓட்டுகிறவர்களின் பதிவுப் புத்தகத்தில் தப்பாகக் குறித்ததற்காக நடுவழியில் மறித்துவைக்கப்பட்ட மனிதனுக்கு அது சொந்தக்காரன் மாதிரி.

வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு முழு ஒலிபரப்பு நடக்கும். அவருக்கு வாக்கே இல்லாத நாட்டின் சண்டையை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பரிமாறுவார். அமெரிக்க வரியைப் பற்றி “எங்கட காசு” என்பார். ஒரு சதம் கட்டியதில்லை. “வெள்ளத்துக்கு உதவி எண்டு வந்த ஏஜென்சிக்காரன் வெள்ளத்தைவிட மோசமாம்” என்று இடியப்பத்துக்குச் சொதி ஊற்றியபடி சொல்வார். இங்கே மாகாணத் தேர்தல் வந்தபோது விதிகளைக் குறைப்போம் என்ற கட்சிக்குப் போட்டார். நான் அப்போது பல்கலைக்கழகம், எங்கள் பேச்சில் கெம்பஸ், போய்க்கொண்டிருந்தேன், மற்றக் கட்சியின் பக்கம். சட்டையில் பட்ஜ் எல்லாம் குத்தியிருந்தேன். நானும் லேசுப்பட்ட ஆளில்லை, பஸ் பிந்தினாலும் அந்தக் கட்சிதான் காரணம் என்பேன். “கெம்பஸ் மச்சாளுக்கு ஸ்நோ கொட்டினாலும் அவங்கள்தான் கொட்டினது” என்று அத்தான் நக்கலடிப்பார். சிரிப்பும் சண்டையுமாக ஓடியது.

பிறகு அந்தக் குளிர்காலம். உறைமழை பெய்து, கீழே குழாய் வெடித்து, தண்ணீர் பில்டிங்கின் மின்சார அறைக்குள் போய்விட்டது. கரண்ட் இல்லை, ஹீட் இல்லை, லிஃப்ட் இல்லை. அந்த அறையை ஆராவது கடைசியாக எப்போது வந்து பார்த்தார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. முதல் நாள் கம்பளிகளோடு சமாளித்தோம். அடுத்த நாள் காலை ஜன்னலின் உட்பக்கமே பனிபிடித்துவிட்டது. அக்காவிடம் கைக்குழந்தை. பக்கத்து வீட்டு அன்ரியையும் எங்களோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தோம். மன்னார்க்காரி, தனியாக இருந்தவர், கழுத்தில் செபமாலை, எப்போதும் கையில் ஒரு பை. அத்தான் கீழே போய் ட்ரக்கில் இருந்த சின்னக் காஸ் ஹீட்டரைத் தூக்கிவந்தார். வெளியில் மட்டும் பாவிக்கவும் என்று அதன் பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தது. அதையும் பகிடியாக்கினார். “கோப்பிக் கப்பிலயும் சுடும் எண்டு எழுதி வைக்கிறவங்கள் இவங்கள். அப்ப என்ன, கோப்பி குடிக்காம விடுறியளோ?” பல்கணிக் கதவின் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார், மேலே கம்பளி தொங்கவிட்டார், ஹீட்டரைப் பற்றவைத்தார். ஹோல் சுகமாகச் சூடாகியது. எல்லாரும் அவரைப் புகழ்ந்தோம்.

மத்தியானம் கீழே ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பள்ளிக்கூட ஜிம்மில் இடம் தயார், சூடு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, வாசலில் பஸ் நிற்கிறது. நான் படியால் இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு, திரும்ப மூச்சிரைக்க ஏறிவந்து சொன்னேன். அத்தான் அசையவில்லை.

“அங்க போனா முதல்ல பேர் கேப்பாங்கள். பேந்து இந்த வீட்டில எத்தினை பேர் இருக்கிறியள் எண்டு கேப்பாங்கள். வாடகை லீஸில எத்தினை பேர் போட்டிருக்கு?”

“குளிருக்கு ஒதுங்க இடம் தாறவன் லீஸ் பாப்பானோ அத்தான்?”

“உனக்குத் தெரியாது. கவர்ன்மென்ற் சும்மா ஒண்டும் தராது. இல்லையோ அன்ரி?”

பள்ளிக்கூடம் என்றதுமே அன்ரிக்கு முகம் மாறியிருந்தது. “நான் வரேல்லைப் பிள்ளை,” என்றார் என்னிடம். “ஊரிலயும் இப்பிடித்தான் சொன்னவை. எல்லாரும் கோயிலுக்குப் போங்கோ, அங்க பாதுகாப்பு எண்டு. போனம். கோயிலுக்கு மேலதான் குண்டு போட்டவங்கள்.” அத்தானுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை.

“பாத்தியோ! அன்ரிக்கு விளங்குது, கெம்பஸ் மச்சாளுக்கு விளங்கேல்லை!”

அன்ரி அவரை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, உமக்கு றேடியோவில சொன்னவங்கள். எனக்கு மேல விழுந்தது.”

அதோடு அத்தான் அடங்கியிருக்க வேண்டும். நானும் அடங்கியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் இருவருக்கும் பழகிய பாதை ஒன்று இருந்தது, அதில் கால் தானாகப் போகும். நான் “உங்கட கட்சி” என்றேன், அவர் “உங்கட ஆக்கள்” என்றார். நான் பில்டிங் பார்க்கிற இன்ஸ்பெக்டர்களைக் குறைத்தது ஆர் என்றேன், அவர் இன்ஸ்பெக்டர் இருந்து என்னத்தைக் கிழித்தவன் என்றார். பிறகு அமெரிக்கா, பிறகு ஏதோ ஒரு மாநிலத்து வெள்ளம், பிறகு தேர்தல். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. நடுவில் அவர் சிகரெட் குடிக்க வீட்டுக் கதவுக்கு வெளியே போவார், வந்து விட்ட இடத்தில் தொடங்குவார். அதனால்தான் அவருக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அக்கா எழும்பி பாத்ரூமுக்குப் போய்ச் சத்தி எடுத்துவிட்டு வந்தாள். “ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ, எனக்குத் தலை வெடிக்குது,” என்றாள். “குளிருக்கு அப்பிடித்தான்,” என்றார் அத்தான். எனக்கும் தலையிடி. சண்டையால் வந்தது என்று நினைத்தேன். பிள்ளை அக்காவின் மடியில் நல்ல நித்திரை. கன்னம் சிவந்து வடிவாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. தீயணைப்புப் படை, ஒவ்வொரு மாடியாக ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள். அத்தான் உதட்டில் விரலை வைத்தார். “திறக்காதேங்கோ. ஆள் இல்லை எண்டு போயிடுவாங்கள்.” நான் எழும்பப் பார்த்தேன், கால் சரியாக நிற்கவில்லை. எனக்கு முதல் எழும்பியவர் அன்ரி. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கதவுக்குப் போனார்.

“அன்ரி, நீங்களுமோ? உவங்களை நம்புறியளோ?”

“நம்பேல்லைத் தம்பி,” என்றார் திரும்பாமலே. “நம்பாமத்தான் திறக்கிறன்.”

வந்தவர் முதலில் ஹீட்டரைப் பார்த்தார். அதை நிறுத்தினார். கம்பளியைப் பிடுங்கிப் பல்கணிக் கதவை உதைத்துத் திறந்தார், டேப் கிழிந்த சத்தம் எனக்கு நல்ல ஞாபகம். பிறகு அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை கடைசியாக எப்போது அழுதது? நாங்கள் தேர்தலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஷவர் கேப்பைக் கழற்றியிருந்தாலும் அலாரம் அடித்திருக்காது. அது புகைக்கு. இது அடைத்த அறைக்குள் ஹீட்டர் எரிந்து வந்த, புகையே இல்லாத விஷவாயு, மணமும் இல்லை. கதையை ஒழுங்காக முடிக்க விரும்புகிறவர்கள் அலாரத்தை மூடியதைக் குற்றம் சொல்வார்கள், அத்தானின் கூட்டாளிகளும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தார்கள்.

அக்காவையும் பிள்ளையையும் அம்புலன்ஸில் கொண்டுபோய் ஒக்சிசன் கொடுத்தார்கள். அத்தானும் கூடப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் பெயர் கேட்டார்கள், சொன்னார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள், அதையும் சொன்னார். பிள்ளை அழுதது என்று ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி வரும்வரை நானும் அன்ரியும் அந்த ஜிம்மில் இருந்தோம். எங்களையும் பரிசோதித்து, காற்றுப்பட வைத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்கள். உள்ளே கட்டில் இருந்தது, சூடு இருந்தது. அன்ரி வாசல் கதவோடு ஒரு கதிரையைப் போட்டு, சப்பாத்தும் கோட்டும் கழற்றாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஆட்கள் வந்துபோகும்போதெல்லாம் குளிர் முகத்தில் அடித்தது.

“உள்ளுக்கு வாங்கோ அன்ரி.”

“நடுவில இருந்தா ஓடேலாது பிள்ளை. நீ போ.”

சூப் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, “உப்பில்லை,” என்றார். “கவர்ன்மென்ற் சூப்.” அன்றைக்கு நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அத்தான் மாறினாரா என்று கேட்பீர்கள். பிறகு ஒரு கொண்டாட்டத்தில், ஹீட்டர் பழுதான ஹீட்டர் என்றார். அடுத்ததில், பில்டிங்கை அவங்கள் ஒழுங்காகப் பார்த்திருந்தால் ஹீட்டரே தேவைப்பட்டிராது என்றார். அதில் உண்மையும் இருந்தது, அதுதான் எரிச்சல். மூன்றாவது தடவை கதையில் தீயணைப்புப் படையே வரவில்லை, அவரே பல்கணிக் கதவைத் திறந்தார். நான் எதிர்த்துக் கதைக்கவில்லை. பட்ஜை எப்போதோ கழற்றிவிட்டேன். ஆட்சிக்கு இவர்கள் வந்தாலும் அவர்கள் வந்தாலும் எனக்கு இப்போது கொட்டாவிதான் வருகிறது. அத்தானுக்கும் ஊரில் பட்டது குறைவில்லை என்று பிறகுதான் அக்கா சொன்னாள். ஒரு சோதனைச் சாவடியில் அவருடைய அண்ணரை இறக்கி வைத்துக்கொண்டு அவரை மட்டும் போகச் சொன்னார்களாம். அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல அவரிடம் சொல் இருக்கவில்லை போல. ஒஹாயோ றேடியோவில் ஆயத்தமாகக் கிடந்தது, எடுத்துக்கொண்டார். அன்ரியின் சந்தேகம் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் உட்காரும், ஆனாலும் ஜிம்முக்குள் வரும். அத்தானுடையது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆள் இல்லை என்று சொல்லும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம்.

அக்கா அவரோடு சண்டை பிடிக்கவில்லை. பிறகு மல்வேர்னில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ரவுன்ஹவுஸ் ஒன்று எடுத்து வந்தோம், எடுத்தது அவள். பிள்ளைக்கு ஊசி போடுவது, நேர்சறியில் சேர்ப்பது எல்லாம் அவளே முடிவெடுத்துவிட்டுப் பிறகு அவருக்குச் சொல்வாள். அவர் றேடியோக் கதை தொடங்கினால் எழும்பிப் போய் உடுப்பு மடிப்பாள். நேற்று அந்த ட்ரக் ஸ்டொப்பில் இருந்து எடுத்தபோது மட்டும், எனக்கும் கேட்கும்படி, “இஞ்சாருங்கோ, நம்பாட்டிப் பரவாயில்லை. வெளிக்கிடுங்கோ,” என்றாள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

இன்று பஃபலோ ரிவியில் ஒரு அவசர இலக்கம் போட்டார்கள். காணாமல் போனவர்களைப் பற்றி அந்த மாநில அரசாங்கத்திடம் சொல்வதற்கு. அவருக்குத் தெரிந்தால் கொல்லுவார் என்றேன். அக்கா போனை எடுத்து அந்த இலக்கத்தை அழுத்தினாள். அத்தானின் நீளப் பெயரை எழுத்தெழுத்தாக, திரும்பத் திரும்பச் சொன்னாள். ட்ரக் தகடு இலக்கம், கொம்பனி, வீட்டு விலாசம், வீட்டில் எத்தனை பேர், கேட்டது எல்லாம் கொடுத்தாள். பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு அங்கே பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

அக்கா இன்னும் ஹோல்டில் நிற்கிறாள்.